சீட்டுக்கு ஆள் வருது

எங்கள் ஊருக்குள் முதல் முதலாக டவுன் பஸ் வந்த அன்று ஊரே அதில் ஏறிக்கொண்டது. கட்டாயம் போக வேண்டிய என் அத்தை மட்டும் கீழே நின்றுவிட்டாள்.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. முட்டியில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். செஞ்சியில் ஒரு தையல் கம்பெனி திறந்து ஆள் எடுத்தார்கள். அத்தையையும் வரச் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

அதுவரை பஸ் ஏற வேண்டுமானால் மேல்சித்தாமூர் ரோடு வரை நடக்க வேண்டும். எங்களுக்கே கால் வலிக்கும். பஸ் ஊருக்குள் வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அத்தை வேலைக்குச் சரி என்றாள்.

நைனாவுக்கு இஷ்டமில்லை. "வூட்ல ஒக்காந்து தைக்கறதுக்கு இன்னா கொறச்சல்? பஸ்ல ஏறி வுழுந்து வைக்கப் போற," என்றார். அத்தை கத்தரிக்கோல், டேப்பு, சோத்து டப்பா எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். பையை என்னிடம் கொடுத்தாள்.

பஸ்ஸில் இடம் பிடிப்பது எங்கள் பக்கம் பிள்ளைகள் வேலை. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் அந்த சீட்டு நம்முடையது. யாராவது கேட்டால் "ஆள் வருது" என்று சொன்னால் போதும். மீறி உட்கார்ந்தால் சண்டைதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் இதில் பேர் வாங்கியவள்.

பஸ் வந்தது. வாழைக்கன்று கட்டினார்கள், மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். டிரைவருக்குச் சால்வை. மேளம் ஒரு பக்கம். சும்மா செஞ்சி வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று எல்லோரும் ஏறினார்கள். ஒருவர் கோழியோடு ஏறினார். அவருக்குச் செஞ்சியில் ஒரு வேலையும் இல்லை. கோழிக்கும் இல்லை.

நான் பையைப் போட்டேன். கூட்டத்தில் புகுந்து பை பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

அத்தை படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படி அவள் முட்டிக்கு மேலே இருந்தது. நல்ல காலைத் தூக்கினால் கீழே ஊன்றக் கால் இல்லை. சூம்பின கால் அந்த உயரத்துக்கு வரவில்லை. பின்னால் இருந்தவர்கள், "ஏறு, இல்லன்னா வழி வுடு" என்றார்கள். வழி விட்டாள். விசில் அடித்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது. நான் கத்தினது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, பைய மடியில வச்சிக்க. நான் ஒக்கார்றேன்."

"ஆள் வருது."

"வண்டியே ஊரத் தாண்டிடுச்சி. இன்னும் எங்கடி வருது?"

"எங்க அத்த வரும்."

"இன்னா, பின்னாலயே ஓடியாறாளா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சீட்டு மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து, யாருக்கு சீட்டு என்று கேட்டார். அத்தைக்கு என்றேன்.

"அத்த எங்க?"

"அங்கியே நிக்குது. படி ஏற முடியல."

அவர் சிரிக்கவில்லை. "அது அப்படியே இருக்கட்டும். யாரும் ஒக்காராதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் டிக்கெட்டும் கேட்கவில்லை.

செஞ்சியில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் சீட்டு போய்விடும். ஜன்னலில் கோட்டை மலை தெரிந்தது. பசித்தது. அத்தையின் டப்பாவைத் தொடவில்லை.

பஸ் ஊருக்குத் திரும்பியபோது நல்ல வெயில். அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பால் சொசைட்டி மேடை மேல் நின்றுகொண்டிருந்தாள். வண்டியில் கேன் ஏற்றுவதற்குக் கட்டின சிமெண்ட் மேடை அது. பின்பக்கம் சரிவு உண்டு. அதன் வழியாக ஏறியிருக்கிறாள். கீழே நைனா நின்றிருந்தார். வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார்.

அத்தை கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினாள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, பால் வண்டின்னு நெனச்சிக்கினியா?"

"கேனு ஏத்தற எடத்துல நான் ஏறக் கூடாதாண்ணா? கொஞ்சம் ஒட்டி நிறுத்துங்க."

டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வந்து, மேடையை ஒட்டி நிறுத்தினார். மேடையும் படியும் சமமாக இருந்தன. அத்தை ஒரு எட்டு வைத்தாள். உள்ளே வந்துவிட்டாள்.

"சீட்ட யாருக்கும் வுடல அத்த," என்றேன்.

அத்தை உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். என்னை இறக்கிவிட்டுப் போனாள்.

கம்பெனியில் அன்று உள்ளே விடவில்லையாம். நாளைக்கு நேரத்தோடு வா என்றார்களாம். மறுநாள் பஸ் தானாகவே மேடை ஓரம் வந்து நின்றது. அத்தை நேரத்தோடு போனாள். அதன் பிறகு வயதானவர்கள், பிள்ளைத்தாச்சிகள் எல்லோரும் அங்கேயே ஏற ஆரம்பித்தார்கள். ஸ்டாப்பே அங்கே வந்துவிட்டது. இப்போது பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நானும் அந்த மேடையில் நின்றுதான் செஞ்சிக்கு வேலைக்குப் போகிறேன்.

அன்று அத்தை எனக்காகத்தான் வெயிலில் காத்திருந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பை என்னிடம் இருந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன். வேறு எதற்கு நிற்பாள்?

எங்கள் வீடு கூப்பிடு தூரம். பஸ் வந்ததும் அம்மாவே வந்து என்னை இறக்கிக் கூட்டிப்போயிருப்பாள். அத்தை நிற்க வேண்டியதே இல்லை. ஆனால் நைனா கூப்பிட்டபோது ஒரு தடவை வீட்டுக்குள் போயிருந்தால், அப்புறம் அவளை யாரும் வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்போது தெரியாது. அத்தைக்கு நான்தான் இடம் பிடித்துக் கொடுத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.