கேட்காமல் விட்டது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம் ஒரு ஷெட்டில் கிரைண்டிங் பட்டறை நடத்துகிறேன். பெரிய கம்பெனிகளில் வார்த்த இரும்புச் சாமான்களின் பிசிறைத் தேய்த்து எடுத்து, வழவழப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். கூட வேலை செய்தவர் ஊரோடு போய்விட்டதால், உதவிக்கு ஆள் தேவை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன்.

ஆரம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தகடு அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மிஷினுக்குப் பக்கத்திலேயே பதினாறு வருஷம் நின்றவர். கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"கிரைண்டிங் தெரியுமாக்கா?"

"கத்துக்குவேன் சார். பிரஸ்ஸையே பாத்துட்டேன், இது இன்னா பெரிய விசயம்?"

"ஊட்டுல யாரு இருக்காங்க?"

"நானும் பொண்ணும்தான். அது காலேஜு போய்க்கினு கீது."

பேசும்போது என் முகத்தை விட்டு அவர் கண் நகரவே இல்லை. வேலை மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே வரச் சொன்னேன்.

வேலை சுத்தம். ஆனால் இரண்டாவது வாரம் ஒரு தப்பு நடந்தது. இரும்புத் தூள் பறப்பதால் நான் மாஸ்க் போட்டிருப்பேன். ஒரு ட்ரேயைக் காட்டி, "இது கழிச்ச சரக்கு, தொடாதீங்க" என்றேன். சிரித்துத் தலையாட்டினார். அரை நாளில் அந்த ட்ரே முழுவதையும் தேய்த்து அடுக்கி வைத்திருந்தார். நான் கத்தினேன். அப்போதும் என் மாஸ்க்கையே பார்த்துச் சிரித்தார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் ஓடவில்லை. அவருக்குப் பின்னால் போய் ஓர் இரும்புத் துண்டைத் தரையில் போட்டேன். வாசலில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து ஓடியது. அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். சொன்னால் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். ஆள் கிடைக்காத நேரம், சரக்கு குவிந்து கிடந்தது. அதற்குப் பிறகு மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் அவரிடம் பேசினேன். வேறொன்றும் செய்யவில்லை. சரக்கு ஏற்ற வரும் வேன் டிரைவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வாசலில் குந்தி இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வேன் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், எழுந்து போய்விடுவார் என்று நம்பி. உள்ளேயிருந்து நான் கத்திக்கொண்டே ஓடினேன். யாரிடம் கத்துகிறேன் என்பது பாதி தூரத்தில்தான் உறைத்தது. அதற்குள் சக்கரம் அவர் வலது காலில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று கால்விரல்களை எடுத்தார்கள். மகள் காலேஜிலிருந்து அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"அம்மாக்குக் காது கேக்காது சார். சொன்னா வேலைக்கு வெச்சிக்க மாட்டீங்கன்னு மறைச்சிடிச்சி. நானாவது உங்களாண்ட சொல்லியிருக்கணும். என் தப்புதான் சார்."

"எனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். டிரைவர் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தாங்கித் தாங்கி நடந்து பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க மாஸ்க்கை இறக்கிட்டுப் பேச ஆரம்பிச்சப்பவே, உங்களுக்குத் தெரிஞ்சிடிச்சின்னு எனக்குத் தெரியும் சார். பொண்ணாண்ட சொல்லல. சொன்னா உங்க மேல கோவப்படும்." பிறகு, "உக்காந்து செய்யற வேலைன்னா செய்வேன்" என்றார்.

உட்கார்ந்து செய்யும் வேலை பட்டறையில் இருக்கத்தான் இருந்தது.

"வேற ஆள் எடுத்துட்டேன்க்கா" என்றேன். அப்படி யாரையும் எடுத்திருக்கவில்லை. தினமும் அவர் எதிரில் நின்று வேலை செய்யும் தைரியம் எனக்கு இல்லை.

"சரி சார், பரவால்ல" என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ஆட்டோ பிடித்துத் தரவா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.