வெள்ளிக்கிழமை மட்டும் பெய்த மழை

சம்பளம் வாங்காதவர்களிடம் வேலை வாங்குவதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். சர்ச்சில் பாடகர் குழு நடத்தியவர்கள், தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கு ஆள் திரட்டியவர்கள் எல்லாம் 'ஐயோ பாவம்' என்று எனக்காக ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளில் நான் கலிஃபோர்னியாவில், லிவர்மோர் பக்கம் ஒரு தண்ணீர் ஆபீஸில் இருந்தேன். மலையில் எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்தால்தான் கீழே ஓடையில் எப்போது வெள்ளம் வரும் என்று சொல்ல முடியும். மலை முழுக்க ஆபீஸ் ஆளை நிறுத்த முடியுமா? அதனால் ஊர்க்காரர்களே அளந்து சொல்வார்கள். வேலிக் கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டித் தருவோம். காலை ஏழு மணிக்கு அதில் நிற்கிற தண்ணீர் எத்தனை இன்ச் என்று பார்த்து, கார்டில் எழுதி, கீழே கொட்டிவிட வேண்டும். மாசக் கடைசியில் கார்டு தபாலில் வரும். பெரிய மழை என்றால் உடனே போன். படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். டீச்சர், மாட்டுப் பண்ணைக்காரர், வீட்டில் இருக்கிற அம்மா, யாரும் சேரலாம்.

என் மேலதிகாரி பாப்புக்கு இதில் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஒரு வருஷம் ஜூனில் மலை உச்சியில் தானாகவே அளக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கே என் மேஜைக்கு வந்து சொன்னார். (அவர் பேசியது இங்கிலீஷ், நான் நம்ம பாஷையில் சொல்கிறேன்.) "வர்ற மழைக்காலம் வரைக்கும் பார்ப்போம் கிரேஸ். மெஷின் சரியா வந்தா ஏப்ரலோட உங்க ஆளுங்களை நிறுத்திடலாம்."

ஜீரோவும் சேதிதான்

வால்ட்டர் மலை மேல் மாடு வளர்ப்பவர். அந்தப் பக்கம் மழையெல்லாம் குளிர்காலத்தில்தான், கோடைக்காலம் வந்தால் அவரிடமிருந்து கார்டே வராது. "மழை இல்லன்னா என்னத்த எழுத?" என்பார். நான் பொறுமையாகச் சொன்னேன்: ஜீரோ என்று எழுதினால் மழை இல்லை என்று அர்த்தம். எழுதாமல் விட்டால் மழை இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? மனுஷன் 'ம்' என்றார். அந்த ஜூலைக் கார்டில் முப்பத்தொரு ஜீரோ, கோலப்புள்ளி மாதிரி வரிசையாக.

ஆகஸ்ட் கார்டு தாமதமானது. கடுகடுவென்று போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். அந்த அம்மாவுக்குத்தான் ஆபரேஷனாம், நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தாராம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கார்டு எழுதி முடித்துத் தயாராக இருந்தது, ஒரு நாள் விடாமல். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வலி உயிர் போகுது, இவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, இரு, ஜீரோவை எழுதிட்டு வந்துடறேன்னு இறங்கிப் போறார்."

எடை போட்ட மழை

இது அதற்கு முந்தின மார்ச்சில். மலையடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில் புது வீடு வாங்கியிருந்தார் கோபால் அங்கிள். அங்கே ஒரு ஆராய்ச்சி லேபில் இன்ஜினியர். அவர் கார்டில் 0.4137 என்று இருந்தது. எங்கள் குழாயில் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கத்துக்கு மேல் கோடே கிடையாது! கேட்டால், தண்ணீரைத் தராசில் வைத்து எடை போட்டுக் கணக்குப் பண்ணினாராம். "எல்லாரும் ஒரே மாதிரி கண்ணால பார்க்கணும் அங்கிள், இல்லன்னா ஒப்பிட முடியாது" என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். குழாயைத் தன் மனைவி சரோஜா ஆன்ட்டியிடம் ஒப்படைத்துவிட்டு எனக்கு போன் பண்ணினார்: "கண்ணால பார்க்கறது சயின்ஸே இல்லம்மா, அதை உங்க ஆன்ட்டியே பார்த்துக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மழை

ஆன்ட்டி மயிலாப்பூர். ஆகஸ்ட் கார்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மாவட்டம் முழுக்க ஜீரோ. ஆன்ட்டி வீட்டில் மட்டும் ஒரு வெள்ளி 0.03, அடுத்த வெள்ளி 0.02, அதற்கடுத்த வெள்ளி மறுபடியும் 0.03. பாப் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குத்தான் சொல்றேன், மெஷின் போதும்" என்று கார்டை எடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆன்ட்டி மேலும்தான்.

அடுத்த வெள்ளி காலை ஆறரைக்கு அவர் வீட்டு எதிரில் காரை நிறுத்தினேன். கதவு திறந்தது. தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு ஆன்ட்டி, கையில் வாளி. டிரைவ்வேயில் அள்ளி அள்ளித் தெளிக்கிறார்! மற்ற நாளெல்லாம் வெறும் துடைப்பம். அக்கம்பக்கம் பார்க்குமே என்று வெள்ளி மட்டும் வாசல் தெளிப்பாராம். ஒரு வீச்சு நேராக வேலிக் கம்பத்துக் குழாய்க்குள் போனது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச்சி எனக்கு எப்படித் தோன்றும் இது? விஷயத்தைச் சொன்னதும் ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். முகம் வாடிப்போச்சு. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "டியூப்ல இருக்கறதை அப்படியே எழுதுன்னு நீதானேம்மா சொன்னே? இருந்தது, எழுதினேன்."

ஆன்ட்டியின் கடுதாசி

ஒரு வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. முந்தின கார்டுகளில் நான் கவனிக்காமல் விட்டதையும் சேர்த்து, ஏப்ரல் முதல் எல்லா வெள்ளியும் பட்டியல் போட்டிருந்தார். எந்தெந்த வெள்ளி தெளித்தார், எந்த வெள்ளி ஊரில் இல்லை, எந்த வெள்ளி நிஜ மழையே பெய்ததால் வாளியை எடுக்கவில்லை, எல்லாம் தினசரி காலண்டரைப் பார்த்து எழுதியிருந்தார். 'தெளித்த நாளையெல்லாம் அடித்துவிடு. குழாயைப் பின்பக்கத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டேன். உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்' என்று கடைசி வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மொழிபெயர்த்து பாப்பிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நம்ம ஆபீஸ்ல யாராவது கேட்காமலே தன் தப்பை இப்படி எழுதிக் குடுத்திருக்கோமா?"

அந்த பிப்ரவரி

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பாப்பின் மெஷின் காட்டியது வெறும் 0.20. அப்படியானால் பயமில்லை. மலை மேல் வால்ட்டர் வீட்டு போன் டெட். சரியாக ஏழு ஐந்துக்கு ஆன்ட்டி கூப்பிட்டார்: 3.42. பாப் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை!

"அந்தம்மா வாளியை எடுத்தாங்களான்னு கேளு" என்றார். ஓடைக் கரையில் முப்பது நாற்பது வீடு. தப்பாகக் காலி பண்ணச் சொன்னாலும் வம்பு, சொல்லாமல் விட்டால் அதைவிட வம்பு. கேட்டேன். மறுமுனையில் ஆன்ட்டி படபடவென்று பொரிந்தார்: "மழையே வாசல் தெளிச்சாச்சு, நான் எதுக்கு வாளியைத் தூக்கப் போறேன்? டியூப் பின்பக்கம் இருக்கு, அங்கிள் எடை கூடப் போட்டுட்டார், ஒத்துப்போறது. சீக்கிரம் சொல்லு கிரேஸ், கரையோரத்துல குழந்தைங்க இருக்கற வீடெல்லாம் இருக்கு!"

 பாப் போனை எடுத்து, கரையோரம் எல்லாரையும் கிளம்பச் சொன்னார். மத்தியானம் ஓடை ரோட்டுக்கு மேல் போனது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. மழை விட்டதும் பாப்பும் நானும் மலைக்குப் போய் மெஷினைத் திறந்தோம். வாய் முழுக்க ஓக் மர இலை அடைத்துக் கிடந்தது. பாப் ஒவ்வொரு இலையாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தான் பண்ணின தப்பைத் தானே எழுதி அனுப்பற மெஷின் வர்ற வரைக்கும் உங்க ஆளுங்க இருக்கட்டும் கிரேஸ்."

ஆக, ஊரில் உள்ள நல்லவர்களை மட்டுமே நம்பி நடக்கிற வேலை இது. அந்த நல்லவர்களில் நாலு பேர் அந்த ஏப்ரல் கார்டைக் கடைசி வரை தபாலில் போடவே இல்லை.