என் கையிலிருந்து பிடுங்கிய மைக்

பிலோமினா இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது அவரை அடக்கம் செய்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. மல்லாவியிலிருந்து வவுனியாப் பக்கம் ஒரு கடிதம் வருவதென்றால் அது யாராவது ஒருவருடைய சட்டைப்பையில்தான் வரவேண்டும். சோதனைச் சாவடி தாண்டி வந்த ஒரு பாதிரியார், பூவரசங்குளத்தில் நான் இப்போது இருக்கும் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கொப்பித் தாள் ஒன்றை எட்டாக மடித்தபடி எடுத்துத் தந்தார். எங்கள் பழைய சாரதி கணேசு எழுதியிருந்தார். "ஐயா, எங்கட பிலோமினா அக்கா போயிட்டா. மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறினதாம். ரண்டு நாள்தான் கிடந்தவா. முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் ரோணியோ மெசினில உருட்டி அச்சடிக்கப் போறம். கந்தோரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். நல்லதாப் பாத்து எழுதித் தாங்கோ."

நல்லதாகத்தான் எழுதப்போகிறேன், கணேசு. ஆனால் என்னைப் பற்றிய நல்லது இதில் அதிகம் இருக்காது. பிலோமினாவிடம் நான் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்தில், தினமும் இருந்தோம். நான் கேட்கவில்லை. அந்தக் கந்தோரில் எங்களோடு வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும், ஆகவே அதை மறைத்து ஒரு அஞ்சலி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மல்லாவியில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோருக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். பிலோமினா எங்கள் றேடியோ ஒப்பறேற்றர். கந்தோரில் இருந்த ஒரேயொரு கம்பியூட்டரும் அவர் கையில்தான். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் ஒருநாள் விடியக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மகன் யூட், மகள் ஸ்ரெலா என்ற இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்தவர். தொழில்நுட்பப் படிப்பென்று ஒன்றும் கிடையாது, தட்டச்சு மட்டும் பழகியிருந்தார். மின்சாரம் இல்லாத ஊரில், கார் பற்றரியில் ஓடும் றேடியோவை ஒரு நாளும் ஊமையாக விட்டதில்லை. வயர் அறுந்தால் ஈயம் பற்றவைக்கும் இரும்பைச் சிரட்டைக் கரியில் பழுக்கவைத்துத் தானே ஒட்டுவார். கண்ணில் புகை, மூக்கில் கரி, அப்படியே வந்து மைக்கைப் பிடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி பேசுவார்.

அந்த றேடியோவைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மைக்கின் பட்டனைப் பெருவிரலால் அழுத்தினால் நாம் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். அழுத்தியிருக்கும் மட்டும் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அதனால் பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லி விரலை எடுக்கவேண்டும். நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் சொல்லுங்கள் என்பது பொருள். பேச்சு முழுவதும் முடிந்துவிட்டால் "அவுட்". பிலோமினாவுக்கு இது வெறும் றேடியோ விதியாக இருக்கவில்லை. உலகம் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று அவர் நினைத்தார்.

முதல் சண்டை "சேர்" என்ற சொல்லில் வந்தது. அவர் என்னைச் சேர் என்றுதான் அழைத்தார், ஆனால் கணேசுவையும் காவலாளியையும் அண்ணை என்று அழைக்கும் அதே குரலில். எனக்கு அது உறுத்தியது. யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் இருபது வருடம் கதிரை தேய்த்தவன் நான். சாரதிமாருக்குத் தேத்தண்ணி தகரக் குவளையில், எங்களுக்குக் கோப்பையில் என்ற ஒழுங்கை மல்லாவிக்கும் கட்டிக்கொண்டு வந்தவன். ஒருநாள் பார்க்கிறேன், கணேசு என் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"நான்தான் சேர். தகரம் சுடுது எண்டவர்" என்றார் பிலோமினா. "றேடியோவில நீங்கள் நம்பர் ஒண்டு, கணேசண்ணை நம்பர் ஏழு. அங்கை சேருமில்லை, டிரைவருமில்லை. ஏழு கூப்பிட்டா ஒண்டு பதில் சொல்லத்தான் வேணும். வெளியில வந்தோடன மட்டும் ஏன் வேற கதை?"

நான் முறைத்தேன். மறுநாள் கோப்பையைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இதையெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பிலோமினாவும் தகரக் குவளையில் குடிக்கத் தொடங்கினார், அதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

பிறகு கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி யாரையும் அகதி என்று எழுதக்கூடாது, இடம்பெயர்ந்தவர் என்று எழுதவேண்டும். விதவை என்று எழுதக்கூடாது, பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்று எழுதவேண்டும். றேடியோவில் ஷெல், குண்டு போன்ற சொற்கள் வரக்கூடாது, சம்பவம் என்று சொன்னால் போதும். நான் அதைக் கூட்டத்தில் கம்பீரமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பிலோமினா எழும்பினார்.

"சொல்லை மாத்திறது நல்லது சேர். நானும் ஒரு விதவைதான். அந்தச் சொல்லை ஆக்கள் சொல்லுற விதத்தில எனக்கு நெஞ்சு எரிஞ்சிருக்கு. ஆனா நிவாரணத்துக்குப் பதிய வாற பொம்பிளையளை வெயிலுக்குள்ள யன்னலுக்கு வெளியில நிப்பாட்டி வைச்சுக்கொண்டு, உள்ளுக்க இருந்து நான் மரியாதையாத் தட்டச்சடிச்சு என்ன பிரயோசனம்? முதல்ல ஒரு கதிரை போடுங்கோ. போட்டிட்டு, உங்களை எப்பிடிப் பதியிறது அம்மா எண்டு அவையளிட்டையே கேப்பம். றேடியோக் கதை மட்டும் எனக்குச் சம்மதமில்லை. சம்பவம் எண்டு சொன்னா, வாகனம் நிக்கவேணுமோ ஓடவேணுமோ?"

சுற்றறிக்கை விவாதத்துக்கு வந்ததல்ல என்று சொல்லி நான் தாளை மடித்தேன். அன்று பின்னேரம் அவர் தன்னுடைய பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே வைத்தார். பதிய வருகிறவர்கள் அதில் இருந்தார்கள். பிலோமினா அதற்குப் பிறகு பால்மாப் பெட்டி ஒன்றின்மேல் இருந்துதான் கம்பியூட்டர் அடித்தார்.

பிள்ளை வளர்ப்பிலும் அவருக்கு இதே பிடிவாதம். ஒரு பின்னேரம் றேடியோ இரையத் தொடங்கியதால் அவரைக் கூட்டிவர நானே அவருடைய ஓலைக் கொட்டில் வீட்டுக்குப் போனேன். யூட்டுக்கு அப்போது பதினைந்து வயது. இறந்த தகப்பனுடைய சின்ன றேடியோவைக் கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் சாக்கில் பரப்பி வைத்திருந்தான். அந்த வீட்டில் தகப்பனுடையது என்று மிஞ்சிய பொருள் அது ஒன்றுதான். பிலோமினாவின் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவன் ஏன் கழற்றினான், எதைத் தேடினான், எந்த ஆணி தொலைந்தது என்று திக்கித் திக்கிச் சொல்லி, கடைசியில் "ஓவர்" என்றான். அதற்குப் பிறகுதான் தாய் பேசினார். அந்த வீட்டில் அதுதான் வழக்கமாம். வரும் வழியில் நான் என் பெரிய மனிதத்தனத்தைக் காட்டினேன்.

"பிள்ளைக்கு இவ்வளவு இடம் குடுக்கிறீர். நாளைக்குத் தலையில ஏறி நிப்பான்" என்றேன்.

"அவன் சொல்லி முடியமுதல் நான் அடிச்சனெண்டா சேர், மிச்சத்தை அவன் வேற ஆருக்கும் போய்ச் சொல்லுவான். பிள்ளையள் துவக்குத் தூக்கிற இந்தக் காலத்தில அந்த வேற ஆள் ஆரா இருக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "ஓவர் எத்தினை தரமும் சொல்லலாம். பிள்ளையளோட அவுட் மட்டும் சொல்லக்கூடாது" என்றார்.

எனக்கும் ஒரு மகள் இருந்தாள், பதினொரு வயது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். புதுக்குடியிருப்பில் எங்களுக்கு ஒரு கிளைக் கந்தோர் இருந்தது. கணேசு பிக்கப்பில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காலையிலேயே அங்கே புறப்பட்டுவிட்டார். பத்து மணிபோல் கிளைக் கந்தோர் றேடியோவில் கூப்பிட்டது. அங்கே பொறுப்பில் இருந்த இராசநாயகம் பதறிப்போய், ஒட்டுசுட்டான் றோட்டில் ஷெல் விழுகிறது என்று தொடங்கினார். நான் அந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்தேன். ஷெல் என்ற சொல் என் காதில் விழுந்தது. சுற்றறிக்கை வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பிலோமினாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, பட்டனை அழுத்தி, இராசநாயகத்துக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். என்ன சொல் பாவிக்கலாம், என்ன சொல் பாவிக்கக்கூடாது, தலைமைக் கந்தோர் என்ன நினைக்கும் என்று ஒவ்வொன்றாக. என் பெருவிரல் பட்டனிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தில் இராசநாயகம் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்க நான் விடவில்லை.

பிலோமினா இரண்டு தரம் "சேர், விரலை எடுங்கோ" என்றார். நான் மற்றக் கையால் பொறுக்கச் சொல்லிக் காட்டினேன். மூன்றாம் தரம் அவர் சொல்லவில்லை. மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார். நகம் கீறி என் விரலில் இரத்தம் வந்தது. பட்டன் விடுபட்டதும் இராசநாயகத்தின் குரலில் கடைசித் துண்டு மட்டும் வந்தது. "...உடன திருப்புங்கோ, ஏழைத் திருப்புங்கோ, ஓவர்."

பிலோமினா கணேசுவின் வாகனத்தைக் கூப்பிட்டார். "ஏழு, ஏழு, நில்லுங்கோ. முன்னுக்கு ஷெல் விழுது. ஷெல். அப்பிடியே திருப்பி மாங்குளப் பக்கம் வாங்கோ, ஓவர்." நாங்கள் காத்திருந்தோம். இரைச்சல் மட்டும் வந்தது. பிலோமினாவின் உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் கணேசுவின் குரல், "நிண்டிட்டன் அக்கா. புகை தெரியுது. திருப்புறன், ஓவர்." அதன்பிறகுதான் பிலோமினா பால்மாப் பெட்டியில் இருந்தார்.

கணேசு மத்தியானம் உயிரோடு வந்து இறங்கினார். அவருக்கு அப்போது மூன்று பிள்ளைகள். நான் என்ன செய்தேன்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிலோமினாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். மேலதிகாரியின் கையிலிருந்து கருவியைப் பறித்தது ஒன்று, தடைசெய்யப்பட்ட சொல்லைப் பாவித்தது இரண்டு. அவர் அதே தாளின் அடியில் எழுதித் திருப்பித் தந்தார்: "இரண்டும் செய்தேன். தேவை வந்தால் திரும்பவும் செய்வேன்." நான் அதை அவருடைய கோப்பில் வைத்தேன். அடுத்த வருடம் ஊழியர்களை நிரந்தரமாக்கும்போது, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்று தலைமைக் கந்தோர் கேட்டது. உண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிலோமினா கடைசிவரை தற்காலிக ஊழியராகவே இருந்தார். கடிதத்தைக் கிழித்தெறிய ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தேன், பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன், பிறகு ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைத்தது, குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் வந்துவிட்டேன். அவர் ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கதைக்கவில்லை. நான் புறப்பட்ட நாளில்கூட வழிக்கென்று இடியப்பம் கட்டித் தந்தார்.

காய்ச்சல் முற்றியபோது அவரை யூட் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனானாம். கணேசு எழுதியிருக்கிறார். கந்தோர் வாகனத்தில் நிரந்தர ஊழியரை மட்டும்தான் ஏற்றலாம் என்ற விதியை எழுதி ஒட்டியவன் நான். வாகனம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் கேட்டு எழுதும்படி கணேசுவுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். போன மாதம் என் மகள் ஏதோ சொல்ல வந்து தயங்கி நின்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. எனக்குப் பிடிக்காத விசயம். வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு கேட்டேன். என் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகித் தூக்கியபடி நின்றதைப் பிறகுதான் கவனித்தேன். இதை அடுத்த முறை பிலோமினாவைக் காணும்போது சொல்லவேண்டும், அதோடு மற்றதையும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

கணேசு, மிச்சத்தை முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கல்லறையில் எல்லோரும் நிற்கும்போது, நம்பர் ஒன்று சொன்னதாக உரத்து வாசித்துவிடுங்கள்.

பிலோமினா, அந்தக் கடிதம் பிழை. பிழை விட்டவன் நான். நீர் மைக்கைப் பிடுங்கியிருக்காவிட்டால் கணேசு இன்று இதை வாசிக்க இருந்திருக்கமாட்டார். இரண்டு வருடமாக என் விரல் பட்டனிலேயே இருந்துவிட்டது. என்னை மன்னித்துக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டேன். ஓவர்.