முனியின் கையில் இருந்த துவக்கு

நமுனுகுலப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் முனியாண்டி சாமி ஒரு கையில் அரிவாளும் மறு கையில் துவக்குமாக உட்கார்ந்திருக்கும். துவக்கு சிமெண்டுப் பொம்மை இல்லை, நிஜமான ஆமித் துப்பாக்கி. கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கோயிலுக்குக் கொடுத்ததாகக் கேள்வி. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் அப்புவோம். பழசை வழித்து எடுக்க மாட்டோம். சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா? அப்படியே அப்பி அப்பி, அது துவக்கா உலக்கையா என்று தெரியாத அளவுக்குத் தடித்துப் போயிருந்தது.

எல்லவுக்குச் சுற்றுலா வந்த ஒரு வெளிநாட்டுக்காரனால் வந்த வினை. சாமியின் துவக்கைப் படம் பிடித்துக்கொண்டு போய், இன்னும் நன்றாகச் சுடக்கூடிய பழைய துவக்கு, லட்சக்கணக்கில் போகும் என்று இணையத்தில் எழுதிவிட்டான் படுபாவி. மூன்றாம் நாள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

"யாரோட துவக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாமியோடதுங்க" என்றான் என் அண்ணன். அவன்தான் கோயில் பூசாரி.

"சாமிகிட்ட லைசன் இருக்கா?"

நாளைக்குப் பதுளையிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், சுடுகிற துவக்கு என்றால் அண்ணன் உள்ளேதான் என்று சொல்லி, ஒரு கான்ஸ்டபிளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். அண்ணி அடுப்பே பற்ற வைக்கவில்லை. வெளியே வரப் பல வருஷம் ஆகும் என்று லயத்து வீடுகளில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு வந்தவர், ஆமியில் துவக்கு பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர். மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டோம். அவரை அண்ணன் வாசலிலேயே மறித்தான்.

"குளிக்காம சாமி ஆயுதத்தத் தொடக் கூடாதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் தலையில் ஒன்று போட்டிருப்பேன். ஜெயிலுக்குப் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது! இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த மனிதரோ சத்தமில்லாமல் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

"நங்கி, பீலி எங்க இருக்கு?" என்று என்னைத் தங்கச்சி முறை சொல்லிக் கேட்டார்.

காலைப் பனியில், மலையிலிருந்து வந்து விழும் எங்கள் பீலித் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். குளித்துவிட்டு, பல் கிடுகிடுக்க வந்து நின்றார். அந்த நிமிஷமே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அவர் வேலை செய்த அழகு இருக்கிறதே, அடடா! சுரண்டுவதற்குக் கத்தியைத் தொடவே இல்லை. துணியில் தேங்காயெண்ணெய் நனைத்துப் பொறுமையாக ஊறவைத்துத் துடைத்தார். உரிந்து வந்த குங்குமத்தைக் கால்படாமல் வாழையிலையில் சேர்த்தார். மறித்து நின்ற அண்ணன் தானாகவே வந்து இலையைப் பிடித்துக்கொண்டான். இரும்பு தெரியத் தெரிய அவர் விரலாலேயே படித்தார். இங்கிலாந்தில் செய்தது என்றார். பின்கட்டையை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள் என்றார். குழலில் ஓர் இலக்கமும் பூட்டில் வேறோர் இலக்கமும் இருப்பதைக் காட்டி, "ரெண்டு துவக்க ஒண்ணாக்கியிருக்கான்" என்று சிரித்தார். குழலின் அடிப்பக்கம் வந்ததும் விரல் நின்றது. அங்கே இரண்டு ஆங்கில எழுத்துகள் பதித்திருந்தன.

"நங்கி, ஒரு ஊதுபத்திக் குச்சி குடுங்க."

எரிந்து முடிந்த குச்சி ஒன்றைக் கொடுத்தேன். குழலுக்குக் குறுக்கே நுழைத்தார். இந்தப் பக்கம் போன குச்சி அந்தப் பக்கம் வந்தது.

"பயிற்சித் துவக்கு. அந்த ரெண்டு எழுத்துக்கு அதான் அர்த்தம். தோள்ல வச்சு நடந்து பழக மட்டுந்தான். குண்டு போடுற எடத்துல ஓட்ட போட்டு விட்டுருக்கான். இது சுடாது. லட்சமும் போகாது. செவுத்துல மாட்டலாம், அவ்ளோதான்."

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, துவக்கு கோயிலிலேயே இருக்கட்டும் என்று சொல்லி ஜீப்பை நோக்கி நடந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அண்ணனுக்கோ முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப இத்தன வருஷமா சுடாத துவக்க வச்சுக்கிட்டுத்தானா சாமி எங்களக் காத்துச்சு?" என்றான்.

மாத்தயா சப்பாத்தை மாட்டப் போனவர் நிமிர்ந்தார்.

"ஆமியில நான் பழுது பார்த்துக் குடுத்ததெல்லாம் சுடுற துவக்குத்தான், பூசாரி. அது ஒண்ணும் யாரையும் காக்கல்ல."

அண்ணன் உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து அவர்முன் நீட்டினான்.