இரண்டு மணி வெயிலில் ஏழாம் இலக்கம்

மன்னார்த் தீவில் கூடைப்பந்தைப் பற்றி வாய்த்தகராறு வந்தால் அது கடைசியில் சுபாஸின் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும். சுபாஸ் தாழ்வுபாட்டு வீதியில் படகு எஞ்சின் திருத்துகிறவர். வயது நாற்பத்தெட்டு. கையெல்லாம் கிறீஸ், மண்டையெல்லாம் புள்ளிக்கணக்கு. கடற்சுடர் விளையாட்டுக் கழகத்தின் ஆட்டங்களில் பாதிக்கு மேல் மேசையில் இருந்து புள்ளி எழுதியவர் அவர்தான். பதின்மூன்று வயதில் பலகையில் இலக்க அட்டை மாற்றத் தொடங்கியவர், இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் கிடந்த இரண்டு வருடத்தைத் தவிர மைதானத்தை விட்டு அசைந்ததில்லை. மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால் விழிப்பார். எண்பத்தொன்பதாம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஏழாவது நிமிடம் எறிந்தது எந்தச் சட்டை இலக்கம் என்று கேளுங்கள், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்.

இலக்கம் என்றுதான் சொல்லுவார். பேர் சொல்லமாட்டார். "பதினொண்டு குடுத்தது, நாலு எறிஞ்சது" என்பார். இளம் பெடியள் அவரைக் கணக்கு வாத்தியார் என்று பகிடி பண்ணுவார்கள். எதிரே வந்து நிற்கிற ஆளையே காட்டி "இவர் இப்ப எங்க இருக்கிறார்?" என்று யாராவது கேட்டால்கூட, "எனக்குத் தெரியாது" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஊர் அதை ஒரு குணம் என்று விட்டுவிட்டது. அது குணமில்லை, பயம். பதினேழு வருடப் பயம்.

அது வந்த கதை இதுதான். கடற்சுடருக்கு இரண்டு பொற்காலம். ஒன்று எண்பத்தொன்பது. உப்புக்குளத்துச் சாஹுல் ஹமீட் பதினோராம் இலக்கச் சட்டையோடு வெறுங்காலில் நின்ற காலம். தரையில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது, வளையத்தில் வலை கிடையாது. மற்றது இரண்டாயிரத்து மூன்று, சமாதானம் என்று எல்லோரும் மூச்சுவிட்ட காலம். அந்த அணியின் ஏழாம் இலக்கம் றெக்ஸன், தாழ்வுபாட்டு மேரி ரோஸின் ஒரே மகன். யாழ்ப்பாணத்து அணிக்கு எதிராக அவர்களின் மைதானத்திலேயே முப்பத்தொரு புள்ளி எடுத்தவன்.

பிறகு றெக்ஸன் இலுப்பைக்கடவையில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கப் போனான். சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டி, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கத்திலேயே மாட்டுப்பட்டான். இரண்டாயிரத்து ஏழில் ஒரு படகில் ஒளித்து ஊருக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதே அப்போது போதும், ஆளைத் தூக்குவதற்கு. பகலில் வெளியே தலைகாட்டமாட்டான். ஆனால் எறிகிற கை சும்மா இருக்குமா? மத்தியானம் இரண்டு மணிக்கு, நாய்கூட நிழல் தேடுகிற வெயிலில், ஆளில்லாத மைதானத்துக்குப் போவான். நூறு எறிவான். பந்து பொறுக்கிக் கொடுத்து எண்ணுவதற்குச் சுபாஸ் போவார். தாயிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவான். அந்த நேரம் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் ஒரு புதுமுகம் பக்கத்தில் வந்து இருந்தது. நல்ல தமிழ், நல்ல சிரிப்பு, கூடைப்பந்தில் நல்ல ஞானம். எண்பத்தொன்பது அணிதான் திறம், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அணி சும்மா அதிர்ஷ்டத்தில் வென்றது என்றது. சுபாஸுக்குப் பொறுக்கவில்லை. முட்டாள் மனிதன். நாளுக்கு ஒருவராய் ஆட்கள் காணாமல்போன காலத்தில், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வாயைத் திறந்துவிட்டார். "அதிர்ஷ்டமோ? ஏழு இப்பவும் ஊரிலதான் நிக்குது. ரெண்டு மணிக்கு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கோ, நூறில எத்தினை விழுகுது எண்டு."

மறுநாள் ஒரு அவசர எஞ்சின் வந்ததால் அவர் மைதானத்துக்குப் போகவில்லை. இலக்கத்தகடு இல்லாத வான் வண்டி ஒன்று போயிருந்தது. நாலு மணிக்கு அவர் போய்ப் பார்த்தபோது பந்து மட்டும் மதிலோரம் கிடந்தது. அன்றைக்கே புள்ளிப் புத்தகங்களை எல்லாம் அடுப்பில் போட்டார், ஒவ்வொரு தாளிலும் பேர் இருந்ததால். அதற்குப் பிறகு அவருக்கு எல்லாரும் இலக்கம்தான்.

இந்த வருடம் கழகத்துக்கு நாற்பது வயது. செயலாளர் ஜெனிஸ்ரா துடியான பிள்ளை. விழாவில் 'எந்தக் காலத்து அணி சிறந்தது?' என்று ஒரு தீர்ப்பு வைப்போம், வென்ற அணியின் ஐந்து பேரையும் மைதான மதிலில் எழுதுவோம் என்று முடிவெடுத்துவிட்டு, பட்டறைக்கு வந்து நின்றாள்.

"சுபாஸ் அண்ணை, தீர்ப்பு நீங்கள்தான். பேரோட சொல்லோணும். மதிலில இலக்கம் எழுதேலாது."

"எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, பிள்ளை."

"நோட்டீஸில உங்கட பேர் போட்டாச்சு."

அந்தக் கிழமை முழுக்கச் சுபாஸுக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். எண்பத்தொன்பதில் சாஹுல் ஹமீட் வேப்பமர நிழலுக்கு வெளியே நின்று போட்டவற்றை இன்றைய சட்டப்படி மூன்றாக எண்ணினார். மூன்றாம் ஆண்டின் வேகத்தை இன்றைய இருபத்துநாலு செக்கன் விதிக்குள் ஓடவிட்டார். இன்றைய பெடியளின் சப்பாத்தையும் சத்துணவையும் கழித்தார். எந்தப் பக்கத்தால் போட்டாலும் மூன்றாம் ஆண்டு அணிதான் மேலே வந்தது, அதுவும் ஏழாம் இலக்கத்தால். அந்தப் பேரைச் சொன்னால் ஊர் றெக்ஸனைப் பற்றிப் பேசும். பேசினால் யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கும். ஆகவே எண்பத்தொன்பது என்று பொய் சொல்வதாகத் தீர்மானித்தார். தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்சம் மூச்சு வந்தது.

விழாவுக்கு முதல் நாள் காலை மேரி ரோஸ் பட்டறைக்கு வந்தார். அறுபத்தொன்பது வயது. மகனைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியும், மற்றத் தாய்மாரோடு வீதியில் அவன் படத்தை ஏந்திக்கொண்டு இருந்தும் கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுபாஸ் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி, நாளைக்கு என்ர பிள்ளையின்ர பேர் சொல்லுவியளோ?"

"பாப்பம், மாமி. கணக்குப் பாக்கோணும்."

"கந்தோர்க்காரர் பேரை எழுதுவினம், திரும்ப வாசிக்கமாட்டினம். ஒருக்கா மைக்கில கேக்கோணும் போல கிடக்கு." சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லைத் தம்பி. கோயிலுக்குப் போறன் எண்டுதான் எனக்குச் சொன்னவன். மைதானத்தில வச்சுப் பிடிச்சவங்கள் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டனான். ரெண்டு மணிக்கு அவன் அங்க நிப்பான் எண்டு பெத்த எனக்கே தெரியாது. அவங்களுக்கு ஆர் சொன்னது? அந்த ஆளின்ர முகத்தை ஒருக்காப் பாத்திட்டுக் கண்ணை மூடோணும்."

சுபாஸ் எஞ்சின் மூடியைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். அது ஏற்கனவே கழற்றித்தான் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விழா. கூட்டம் நல்ல கூட்டம். முன்வரிசையில் சாஹுல் ஹமீட், புத்தளத்திலிருந்து திரும்பிவந்து உப்புக்குளத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர், வயிற்றுக்கு மேல் பழைய பதினோராம் இலக்கச் சட்டையை எப்படியோ ஏற்றியிருந்தார். இரண்டு கதிரை தள்ளி மேரி ரோஸ். மதிலோரம், சரியாக அந்தப் பந்து கிடந்த இடத்தில், தெரியாத ஆள் ஒருவர் நின்று கைபேசியில் எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுபாஸ் ஜெனிஸ்ராவின் பக்கம் சரிந்தார்.

"அது ஆர், பிள்ளை?"

"தெரியேல்லை அண்ணை. ஆரோ லைவ் போடுகினம் போல. நீங்கள் வாங்கோ."

அது சாஹுல் ஹமீட்டின் புத்தளத்து மருமகன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் சுபாஸுக்கு அது பதினேழு வருடத்துக்கு முந்தைய அதே முகம். மைக்கைப் பிடித்தார். மடித்த தாளை விரித்தார்.

"என்ர தீர்ப்பு, எண்பத்தொன்பது" என்றார். சாஹுல் ஹமீட் எழும்பிக் கும்பிட்டார். கைதட்டு விழுந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். இறங்க ஒரு காலும் எடுத்துவைத்தார்.

இன்றைய அணித் தலைவன் ஜெனோஜன் மற்ற மைக்கில் சிரித்துக்கொண்டு சொன்னான். நல்ல பெடியன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "எண்பத்தொன்பது எண்டா ஏற்றுக்கொள்ளுறம். மூண்டாம் ஆண்டு எண்டு சொல்லாததே பெரிய விசயம். சமாதானக் காலம், எதிரணி ஒண்டும் ஒழுங்கா இல்லை. அவையள் பயிற்சியும் எடுக்கிறேல்லையாம், அதிர்ஷ்டத்தில வெண்டவையள். நாங்கள் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பயிற்சி."

சுபாஸின் காது சூடேறியது. மேரி ரோஸ் தலையைக் குனிந்துகொண்டதை அவர் கண்டார். எடுத்துவைத்த காலைத் திருப்பி வைத்தார்.

"பயிற்சி இல்லையோ? ஆர் சொன்னது? ஒளிச்சிருந்த காலத்திலயும் பயிற்சியை விடாதவன் தம்பி, றெக்ஸன். ரெண்டு மணி வெயிலுக்குள்ள இந்தச் சீமெந்தில தனிய நிண்டு நூறு எறிவான். எழுபத்தெட்டு விழும். எண்பத்தொண்டும் விழுந்திருக்கு. நான் எண்ணினனான்."

பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகுதான் கூட வந்தது என்ன என்று உறைத்தது. இரண்டு மணி. அவர் மேரி ரோஸைப் பார்த்தார். மேரி ரோஸ் ஏற்கனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாஸுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. நான் பொறுக்கிக் கொடுக்க மட்டும்தான் போனேன் என்று சொல்லித் தப்பலாம், சனம் நம்பும். மைக்கிலே அவருடைய மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"தீர்ப்பை மாத்துறன்" என்றார். "மூண்டாம் ஆண்டுதான். மதிலில முதலாவதா றெக்ஸன்ர பேரை எழுதுங்கோ. அவன் ரெண்டு மணிக்கு இங்க நிப்பான் எண்டு தெரியாத ஒரு ஆளிட்டத் தேத்தண்ணிக் கடையில சொன்னவன் நான்தான், மாமி. எந்த அணி திறம் எண்டு வாதாடினனான். வெல்லோணும் எண்டு சொல்லிப்போட்டன்."

யாரும் கைதட்டவில்லை. ஜெனிஸ்ரா மைக்கை வாங்கவும் மறந்து நின்றாள். மேரி ரோஸ் எழும்பினார். வீங்கிய காலோடு சீமெந்துத் தரையைக் கடந்து வர நேரம் எடுத்தது. அடிக்கத்தான் வருகிறார் என்று சுபாஸ் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

மேசைக்கு முன்னால் வந்து நின்று, நெடுநேரம் அவருடைய முகத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டும் என்று கேட்ட முகம் அதுதானே.

"பிடிச்ச அண்டைக்கும் எறிஞ்சவனோ?"

"ஓம் மாமி. எறிஞ்சிருப்பான்."

"எத்தினை விழுந்தது?"

சுபாஸுக்கு எந்த ஆட்டத்தின் புள்ளியும் மறந்ததில்லை. அவர் தலையைக் குனிந்தார்.

"அண்டைக்கு நான் போகேல்லை, மாமி."

"அப்ப," என்றார் மேரி ரோஸ், "என்ர பிள்ளைக்கு எண்ணக்கூட ஒருத்தரும் பக்கத்தில இருக்கேல்லை."