ரோசிக்கு முடி வெட்டும் மெஷின்

பஞ்சாட்சரம் மாமா எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் பேசினால் திருமுக்கூடலில் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், பாதி தூரம் கேட்கும். என் அக்கா செல்லம்மாளைக் கட்டியவர், எனக்குப் பக்கத்து வீடு. கரண்ட்டுக்காரன், மழை, டவுன் பஸ், நான் என்று எல்லாரையும் ஒரே குரலில்தான் திட்டுவார். ரோசியைக் கொஞ்சுவதும் அதே குரலில்தான்.

ரோசி வெள்ளைச் சடை நாய். மகன் முத்துவேல் மெட்ராஸில் இருந்தபோது வாங்கியது. மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் விட்டுப் போனான். எண்பத்தைந்தாம் வருடக் கோடையில் அதன் காதுக்குப் பின்னால் முடி சிக்கி, அடையாக இறுகி, அடியில் புண் வந்தது. உத்திரமேரூர் மாட்டு டாக்டர் களிம்பு கொடுத்தார். முடியை ஒட்ட எடுத்துவிட்டுத்தான் தடவ வேண்டும், ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் நாய் பிழைக்காது என்று கறாராகச் சொன்னார்.

கத்தரிக்கோல் அந்த அடைக்குள் நுழையவே இல்லை. சவரக் கடை கோபால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நாயத் தொட்ட மெஷினுன்னு தெரிஞ்சா எவன் நைனா என் கடைக்கு வருவான்?"

அப்போதுதான் மாமாவுக்கு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த கரண்ட் மெஷின் ஞாபகம் வந்தது. நாய்க்கென்றே முத்துவேல் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. நாளுக்குச் சில மணி நேரம்தான் எங்களுக்குக் கரண்ட்; அது வந்ததும் வழக்கம்போல முதலில் கொல்லையில் பயிருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட்டார். சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் வாங்கும் நேரம். கரண்ட் இருக்கும்போது அந்த மோட்டாரை அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை. மகள் கனகாவின் நிச்சயதார்த்தத்தில் பாட்டு செட் ஊமையானபோதுகூட நிறுத்தவில்லை. எங்கள் வீடுகள் கரண்ட் லைனின் கடைக்கோடி. மோட்டார் ஓடினால் ட்யூப் லைட் கண் சிமிட்டும்.

மெஷின் உம்மென்று முனகியது. முடியை வெட்டாமல் கவ்விப் பிடித்து இழுத்தது. ரோசி வீறிட்டது.

"எண்ண போடாம எந்த வண்டிதாண்டா ஓடும்?" என்று மாமா விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார். மாட்டு வண்டி அச்சுக்கு ஊற்றிப் பழகிய கை. வேண்டாம் என்றேன், கேட்டால்தானே! வெட்டிய கொஞ்ச நஞ்ச முடியும் அந்தப் பசையில் ஒட்டி, பிளேடு இரண்டும் பாகு கிண்டிய கரண்டி போல ஆகிவிட்டன. மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷுமாகத் தேய்த்தது நான். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, துடைத்துக் கொடுத்ததும் நான். நல்ல வார்த்தை ஒன்றாவது வந்ததா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மெஷினின் பக்கவாட்டில் ஒரு திருகைக் கண்டுபிடித்தார். அதை உள்ளே முறுக்கினால் பலம் கூடியது. மோட்டார் ஓட ஓட முறுக்கி முறுக்கி, வெட்டும் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். "பாத்தியா மச்சான்! மூள வோணுண்டா!"

அந்த நேரம் பார்த்து கொல்லையில் ஸ்டார்ட்டர் தானாகக் கட்டாகி மோட்டார் நின்றது. அது தின்றுகொண்டிருந்த கரண்ட் மொத்தமும் மெஷினுக்கு வந்தது. குறைந்த கரண்ட்டுக்காக முறுக்கிய திருகல்லவா, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல மெஷின் தடதடத்தது. மாமா கை நழுவி ரோசியின் காது நுனி கிழிந்தது. நாய் ஒரே பாய்ச்சலில் வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒளிந்துகொண்டது.

பிறகு அவர் நிழலைக் கண்டாலே ஓடியது. அக்கா வைத்தால் சாப்பிடும். மாமா "ரோசீ! வாடீ!" என்று கத்தக் கத்த இன்னும் உள்ளே போகும். புண் நாற ஆரம்பித்தது. ஈ மொய்த்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மோட்டார நிறுத்திட்டு வெட்டினா இன்னா? எல்லாம் அத்தால வர்ற பேஜாரு!"

"கதிரு காயுதுடி! நாயிக்கோசரம் பயிர உடச் சொல்றியா?" என்று கத்திவிட்டுப் போனவர், அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கரண்ட் வந்தது. மோட்டார் சத்தம் கேட்கவில்லை. ரிப்பேரோ என்று ஓடிப் பார்த்தேன். மாமா முற்றத்தில் உட்கார்ந்து திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். மெஷின் இப்போது வண்டு போலச் சீராக ஓடியது. என்ன ஓடி என்ன, அந்தச் சத்தம் கேட்டதுமே வைக்கோல் போரடியில் ரோசி உறுமியது.

மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மெஷினைத் தன் நெற்றியில் வைத்து உச்சி வரை ஒரே இழுப்பாக இழுத்தார். நரைத்த முடி மடியில் விழுந்தது.

"ஐயையோ, வெள்ளிக்கெயமையும் அதுவுமா வூட்டுல முடி எடுக்கிறியே!" என்று அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. பின்கழுத்து, கிருதா என்று மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரோசி தலையை நீட்டியது. விழுந்த முடியை வந்து முகர்ந்தது. பிறகு அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் மெஷின் பட்டபோது நடுங்கியது, ஆனால் எழவில்லை. அடை தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே புண் சிவந்திருந்தது, புழு வைக்கவில்லை. நான் களிம்பைத் தடவினேன். அக்கா அழுதுவிட்டாள், நானும்தான்.

மீதி உடம்புக்குப் போகலாம் என்று மெஷினைத் திருப்பினார். கரண்ட் போய்விட்டது.

பாதித் தலையோடு மனிதர், பாதிக் கழுத்தோடு நாய். கொல்லையில் தண்ணீர் ஏறாத கதிர். இனிமேல் ஊரே அதிரப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். மாமா குனிந்து மடியைப் பார்த்தார். ரோசி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

"கரண்ட்டுக்காரன் நல்லா இருப்பானாடா, மச்சான்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.