தடாவிலிருந்து வந்த கோடி

வேப்பெண்ணெய் வாசனை யாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். அந்த வாசனை எங்கேயாவது வந்தால் என் தலை தானாகக் குனியும். பின்னால் அண்ணி உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும்.

எனக்கு அம்மா இல்லை. நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டாள். நைனாவுக்கு ரயில்வேயில் கேங் வேலை, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடித்துப் போடுகிற வேலை. வீட்டை அத்தைதான் பார்த்துக்கொண்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், என் தலையை மட்டும் தொடமாட்டாள். "பேன் புடிச்ச தலைய எவ வாருவா" என்பாள். கும்மிடிப்பூண்டியில் அப்போது கம்பெனி எதுவும் கிடையாது. ஸ்டேஷன், நாலு தெரு, அப்புறம் எங்கே பார்த்தாலும் நெல் வயல். எங்கள் தெருவில் பரட்டை என்றால் அது நான்தான்.

அண்ணனுக்குத் தடாவில் பெண் எடுத்தார்கள். ரயில் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனால் அது ஆந்திரா, பேச்சு வேறு. பெண்ணின் அப்பாவும் கேங் ஆள், நைனாவுக்குச் சினேகிதர். அண்ணியின் பெயர் ரமணம்மா. தமிழ் அரைகுறை.

வந்த மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, "சீப்புரு எக்கட?" என்று கேட்டாள். சீப்பு கேட்கிறாள் என்று ஓடிப்போய் அத்தையின் சீப்பை எடுத்துவந்து நீட்டினேன். அவள் கேட்டது துடைப்பம், வாசல் கூட்டுவதற்கு. சீப்பைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாசல் கூட்ட நேரமாகி அத்தையிடம் திட்டு வாங்கினாள். அதற்கப்புறம் தினமும் வேப்பெண்ணெய் தடவி வாரிப் பின்னி விட்டாள். பேன் போயிற்று. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரவும் ஆள் வந்தது.

அத்தைக்கு அவளைப் பிடிக்கவில்லை. "இவ பேசறது நமக்கு இன்னா புரியுது, ரயிலுக்குத்தான் புரியும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள். அண்ணியும் கூடச் சிரிப்பாள். என்ன சொன்னார்கள் என்று பிறகு என்னிடம் கேட்பாள்.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பாதி உடம்புதான் வந்தது. பிழைக்கமாட்டான் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. அண்ணி மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் காய்ச்சல் விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனே கஞ்சிச் சட்டியைக் கையில் வாங்கினான். அது இன்னும் தெருவுக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் அண்ணியின் அண்ணன் தடாவிலிருந்து வந்தார். மாப்பிள்ளைக்குச் சாறு வைத்துக் கொடுக்க ஒரு நாட்டுக்கோழியைப் பையில் போட்டு, மேலே துண்டு மூடி எடுத்துவந்திருந்தார். அண்ணி தண்ணீருக்குக் கிணற்றுக்குப் போனாள். நானும் போனேன். "யாரும்மா ஊட்டுக்கு வந்துகீறது?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"எங்க அண்ணா. கோடி எத்துகினு வந்தாரு" என்றாள் அண்ணி.

அவள் பாஷையில் கோடி என்றால் கோழி. எங்களுக்கு அது வேறு. புருஷன் செத்தால் பெண்ணின் கூடப்பிறந்தவன் புதுப்புடவை எடுத்து வருவானே, அதுதான் எங்கள் தெருவில் கோடி. மற்ற நாளில் யாருக்காவது விளங்கியிருக்கும். நாங்களும் எல்லைக்காரர்கள், பத்து வார்த்தை தெரியும். ஆனால் சாவுச் செய்திக்குக் காத்திருந்தவர்கள் காதில் அது சாவாகத்தான் விழுந்தது.

கிணற்றடியிலேயே ஒப்பாரி ஆரம்பித்தது. யாருக்கு என்ன என்று தெரியாமல் அண்ணி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னாலேயே பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வந்து வாசலில் விழுந்தார்கள். உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப்பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டான். கையில் கஞ்சிச் சட்டி. ஒப்பாரி அப்படியே நின்றது.

அதற்குள் லைனுக்கு ஆள் ஓடிவிட்டது. நைனா கடப்பாரையோடு வந்தார், கீழே போடக்கூடத் தோன்றவில்லை. மகனைப் பார்த்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வயலுக்குப் போயிருந்த அத்தையும் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். விஷயம் தெரிந்ததும் அழுகை கோபமானது.

"உசுரோட கீற புருசனுக்குக் கோடின்னு சொன்ன வாயி இது. வாணாம்ண்ணா. சாயங்கால வண்டிக்கே அவ அண்ணங்கூட அனுப்பி வுட்டுடு."

தடாக்காரர் துண்டு மூடிய பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நைனா சொன்னால் அதுதான் முடிவு. நான் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்கால வண்டி போனால் அவள் வரமாட்டாள். எனக்கு அது மட்டும் தெரிந்தது.

அதுவரை அண்ணி நைனாவுக்கு எதிரே நின்று பேசியதில்லை. அன்றைக்கு முன்னால் வந்தாள்.

"நைனா" என்றாள். "கோடி அண்டே... கோடி."

கோழி என்கிற தமிழ் வார்த்தை வாயில் வரவில்லை. தடாக்காரர் கையிலிருந்த பையை வாங்கித் துண்டை எடுத்தாள். கோழி தலையை நீட்டி எல்லாரையும் பார்த்துவிட்டுக் கொக்கரித்தது. அண்ணன் சிரிக்கத் தொடங்கி, இருமி, மறுபடியும் சிரித்தான்.

நைனா சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அது அவள் பாஷை என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

"கோழிக்குத் தண்ணி வெய்யிம்மா" என்றார்.

அவ்வளவுதான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார். தடாக்காரர் மட்டும் சாயங்கால வண்டிக்குத் தனியாகப் போனார்.

"சாவு கோழி, அறுக்காதீங்க" என்று அத்தை சொன்னதால் கோழி பிழைத்தது. அண்ணனும் பிழைத்தான். கோழி முட்டையிட்டபோது முதல் முட்டையை அவித்துத் தின்றது அத்தைதான். எங்கள் வீட்டுக்குக் "கோடி ஊடு" என்று பெயர் நின்றுவிட்டது.

அப்புறம் வயலெல்லாம் கம்பெனி ஆனது. அண்ணன் ஒன்றில் வாட்ச்மேன் ஆனான். என்னை மணவாள நகரில் கொடுத்தார்கள். கல்யாணத்தன்றும் அண்ணிதான் தலை பின்னினாள்.

போன ஆடியில் அண்ணி போய்விட்டாள். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்து போர்த்த வேண்டும். தடாப் பக்கம் யாரும் மிச்சமில்லை. நான் புடவை எடுத்துப் போயிருந்தேன். "நீ நாத்தனாரு, நீ எப்படிப் போடுவ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எனக்கு அம்மா அவங்க" என்றேன்.

"போட்டும் வுடுங்க" என்றான் அண்ணன். போர்த்தினேன்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. கேங் ஆட்கள் வீடுகளும் இல்லை. தெருவில் கோழி மேய்ந்து பார்த்து ரொம்ப நாளாகிறது. அண்ணனின் பேத்தி கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறாள், அவளுக்குக் கோடி என்றால் பணம்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். பெரியபாளையத்தில் பஸ் மாறும்போது ஒரு நாட்டுக்கோழி வாங்கினேன். "அம்மனுக்கா?" என்று கேட்டாள் விற்றவள். "ஊட்டுக்கு" என்றேன்.

வாசலில் நின்று, "கோடி எத்துகினு வந்துகீறேன்" என்று குரல் கொடுத்தேன். பேத்தி புரியாமல் விழித்தாள். அண்ணனுக்கு இப்போது காது மந்தம். ஆனால் பையிலிருந்து நீட்டிய தலையைப் பார்த்தான். தோள் குலுங்கச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கோழிக்குத் தண்ணி வெய்யிம்மா" என்றான் பேத்தியிடம்.

அவள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து வைத்தாள். கோழி சுற்றிப் பார்த்தது. அப்புறம் குடித்தது.